முன் எது, பின் எது?



பெட்டாலிங் ஜெயாவை இன்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். 1950களின் தொடக்கத்தில், எஃபிங்ஹாம் தோட்டம் என்ற பெயர் கொண்ட நிலத்தில்தான் அந்த நகரம் எழுந்தது. பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற இடத்தில் இன்று அலுவலகங்கள் நிற்கின்றன. மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் அந்த அலுவலகங்களில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். அந்தப் பிள்ளையின் தாயார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இவன் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். காலையிலிருந்து பார்க்கிறேன், திரையில் இருபது வரி இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்றும் தட்டுவதில்லை, ஒன்றும் எழுதுவதில்லை. இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா?" என்றார். பிள்ளை சிரித்தான். "அம்மா, வேறொருவர் எழுதிய திருத்தத்தைச் சரிபார்க்கிறேன்" என்றான். அம்மையாருக்கு அந்தப் பதில் போதவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் போதவில்லை. அவனிடம் கேட்டும் படித்தும் நாம் தெரிந்துகொண்டதை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

அதற்கு முன்பு, நம் வீட்டில் நடந்த ஒரு பழைய சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். நாம் சிறுவனாக இருந்தபோது, ஒரு தோட்டத்தில் சம்பள நாளன்று அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி குறைந்து வந்தது. அம்மா நாட்காட்டியில் கரிக்கோடு போட்டு வைப்பவர், கணக்குத் தவறாது. மறுநாள் பெரட்டில் கேட்டார். மண்டோர் தம் சட்டைப்பையிலிருந்த நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு நாளும் இருந்தன. ஆபீசுக்குப் போனார். கிராணி செக்ரோலைத் திறந்து காட்டினார். அதிலும் இரண்டு நாளும் இருந்தன. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன?" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு புத்தகமும் சரி, ஆனால் கையில் வந்த பணம் குறைவு. நடந்தது என்ன? மண்டோரின் நோட்டிலிருந்து செக்ரோலில் பதிவு ஏறுவதற்கு முன்பே கிராணி கூட்டல் போட்டுவிட்டார். பதிவு பிறகு ஏறியது. தேடிப் பார்க்கும்போது தவறின் தடமே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தப்பாக எழுதவும் இல்லை. முன்னால் நடக்கவேண்டியது பின்னால் நடந்தது, அவ்வளவுதான். அந்தப் பணம் நம் வீட்டுக்கு வரவே இல்லை.

அந்தப் பிள்ளை இருபது வரியில் தேடிக்கொண்டிருந்தது இந்த வகைத் தவற்றைத்தான்.

கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. இயங்குதளத்தின் கரு என்று சொல்லலாம். தோட்டத்துக்கு ஆபீஸ் எப்படியோ, கணினிக்கு இது அப்படி. யாருக்கு எவ்வளவு இடம், யார் இப்போது வேலை செய்வது, யார் காத்திருப்பது என்பதையெல்லாம் இதுவே தீர்மானிக்கிறது. உலகில் மிகப் பரவலாக வழங்கும் கெர்னல்களில் ஒன்று லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இருப்பது இந்த லினக்ஸ்தான். ஆகவே, அது நம் வீட்டு மேசையின் மீதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் ஒரு கணினிக்குள் கணக்குப் போடும் மூளை ஒன்றுதான் இருந்தது. ஒரே கிராணி இருந்த ஆபீஸ் மாதிரி. இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே எட்டு மூளைகள் இருப்பது வழக்கமாகிவிட்டது. எட்டுக் கிராணிகள், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பலகை. அந்தப் பலகைக்கு நினைவகம் என்று பெயர். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பது அந்தப் பலகையின் வழியாகத்தான்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. மூளையின் வேகத்தோடு ஒப்பிட்டால் பலகை வெகு தூரத்தில் இருக்கிறது. ஒரு விநாடியைக் கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கு நேரம், ஏறத்தாழ அவ்வளவு ஆகும், பலகைவரை போய்வர. நமக்கு அது நேரமே அல்ல. ஆனால் அதற்குள் அந்த மூளை நூற்றுக்கணக்கான வேலைகளை முடித்துவிடும். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா? ஆகவே சில்லு செய்பவர்கள் ஒவ்வொரு மூளைக்கும் ஒரு சட்டைப்பை நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். எழுதவேண்டியதை முதலில் அதில் குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நோட்டில் இருப்பது பிறகு மெல்லப் பலகைக்கு ஏறும்.

தனியாக வேலை செய்யும் மூளைக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. தன் நோட்டைத் தான் பார்த்துக்கொள்ளும். இரண்டு மூளைகள் பலகையின் வழியாகப் பேசிக்கொள்ளும்போதுதான், நம் அம்மாவுக்கு நேர்ந்தது அங்கேயும் நேர்கிறது.

2015ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு தவற்றைப் பார்ப்போம். ஜப்பானில் ஒரு பொறியாளரின் சக ஊழியர் ஓட்டிய நிரல் ஒன்று திடீரென்று அசையாமல் நின்றுவிட்டது. அது ஒரு பெரிய சேவைக்கணினி. படிக்கவேண்டிய செய்தி வந்து சேர்ந்துவிட்டது, இடையகத்தில் இருக்கிறது. படிக்கவேண்டிய நிரலோ செய்தி இன்னும் வரவில்லை என்று தூங்கிக்கொண்டிருக்கிறது. உணவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பசியோடு காத்திருப்பதைப் போல.

இதைத் தோட்டத்துக் கதையாகச் சொன்னால் எளிதில் விளங்கும். பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு கிராணி. பால் ஏற்றிப்போக வந்திருக்கிறார் ஒரு லாரி ஓட்டுநர். நடுவில் பலகை. ஓட்டுநருக்கு இட்ட கட்டளை இது: முதலில் "நான் காத்திருக்கிறேன்" என்று பலகையில் பெயரை எழுது, பிறகு பால் தயாரா என்று பலகையைப் பார், தயார் இல்லையென்றால் போய்த் தூங்கு. கிராணிக்கு இட்ட கட்டளை இது: முதலில் "பால் தயார்" என்று எழுது, பிறகு யாராவது காத்திருக்கிறார்களா என்று பலகையைப் பார், பெயர் இருந்தால் ஆள் அனுப்பி எழுப்பு, இல்லையென்றால் உன் வேலையைப் பார்.

படித்தால் குற்றமே தெரியாது. இருவரும் எழுதிவிட்டுத்தானே பார்க்கிறார்கள்? யார் முந்தினாலும் மற்றவர் எழுதியது கண்ணில் பட்டுவிடுமே!

ஆனால் இருவரும் எழுதியது சட்டைப்பை நோட்டில். ஓட்டுநர் தம் நோட்டில் பெயரைக் குறித்துவிட்டுப் பலகையைப் பார்க்கிறார், பால் தயார் என்று இல்லை. அதே நொடியில் கிராணி தம் நோட்டில் "பால் தயார்" என்று குறித்துவிட்டுப் பலகையைப் பார்க்கிறார், பெயர் எதுவும் இல்லை. ஓட்டுநர் தூங்கப் போய்விட்டார். கிராணி வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு நோட்டிலிருந்தும் பலகைக்குப் பதிவுகள் ஏறுகின்றன. இப்போது போய்ப் பலகையைப் பாருங்கள்: பெயரும் இருக்கிறது, "பால் தயார்" என்பதும் இருக்கிறது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" தொட்டியில் பால் உறைந்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை பால் வந்து கிராணி மறுபடியும் பலகையைப் பார்த்தால் ஓட்டுநர் எழுப்பப்படுவார். சற்றுத் தாமதம் என்று யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். அன்றைய கடைசிப் பாலுக்கு இப்படி நேர்ந்தால்தான் தவறு வெளியே தெரியும். இத்தகைய தவறுகள் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மருந்து என்ன? "பலகையைப் பார்க்குமுன் நோட்டில் உள்ளதையெல்லாம் பலகைக்கு ஏற்றிவிடு" என்று ஒரு கட்டளையை இடையில் வைப்பது. நினைவகத் தடை என்று அதற்குப் பெயர். தடை என்றாலும் அது ஒரு காவல்தான். இதுவரை எழுதியது இந்தக் கோட்டைத் தாண்டி ஏறிய பிறகே அடுத்ததைச் செய் என்று நிறுத்தி வைக்கிறது. ஓட்டுநர் மட்டும் இதைக் கடைப்பிடித்துக் கிராணி கடைப்பிடிக்காவிட்டால் பயனில்லை. கிராணி மட்டும் செய்தாலும் பயனில்லை. இருவரும் செய்யவேண்டும். ஆகவே, சரிபார்ப்பவர் ஒரு தடையைக் கண்டவுடன் கேட்கும் முதல் கேள்வி, "இதன் ஜோடி எங்கே?" என்பதுதான். ஜோடி வேறொரு கோப்பில், வேறொருவர் எப்போதோ எழுதிய பகுதியில் இருக்கலாம். இருபது வரியைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை உண்மையில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் இந்த வரியில் இருக்கும்போது அவன் அந்த வரியில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு வரி தள்ளி இருந்தால்? திரையில் ஒன்றும் அசையாது, உண்மைதான்.

அந்த 2015ஆம் ஆண்டுத் தவற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. கிராணியின் பக்கத்தில் ஒரு காவல் ஏற்கனவே இருந்தது. ஆனால் அது ஒருவழிக் கதவு. தனக்கு முன்னால் எழுதியவை தன்னைத் தாண்டிப் பின்னால் நழுவாமல் அது காக்கும். தனக்குப் பின்னால் வரவேண்டிய பார்வை முந்திக்கொண்டு நடப்பதை அது தடுக்காது. காவல் இருக்கிறதே என்று படிப்பவர் கண் நகர்ந்துவிடும் இடம் அது. எந்தக் காவல், எதைத் தடுக்கும், எதை விட்டுவிடும் என்று கேட்டிருந்தால்தான் தவறு அகப்பட்டிருக்கும்.

அந்தப் பொறியாளர் அதைத் திருத்தியதோடு நிற்கவில்லை. நமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். கெர்னலின் மூல வரிகளைத் தேடிப் புறப்பட்டார். "யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுப்பு" என்று எழுதிய இடங்கள் எங்கெங்கே உள்ளன, அவற்றுக்கு முன்னால் காவல் இல்லாதவை எவை என்று ஒவ்வொன்றாகப் படித்தார். வேறு பல பகுதிகளிலும் அதே குறை அகப்பட்டது. அவற்றுக்கும் திருத்தம் எழுதி அனுப்பினார். அந்த இடங்களில் யாரும் நின்றுபோனதாகப் புகார் கொடுத்துக் காத்திருக்கவில்லை. படித்தே கண்டார்.

சோதனை ஓட்டம் செய்து பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் தெரியாது. கோடி முறை ஓட்டினால் ஒரு முறை இரண்டு மூளைகளும் அந்த ஒரே கண இடைவெளியில் சந்திக்கலாம், சந்திக்காமலும் போகலாம். தவற்றைப் பிடிப்பதற்காக நடுவில் ஒரு வரி சேர்த்து, "இங்கே வந்தேன்" என்று அச்சிடச் சொன்னால், அந்தத் தாமதத்திலேயே நோட்டு பலகைக்கு ஏறிவிடும், தவறு மறைந்துவிடும். போலீஸ்காரர் வந்தவுடன் சூதாட்டம் கலைந்துவிடுவதைப் போலத்தான்.

போதாக்குறைக்கு, எல்லாச் சில்லுகளும் ஒன்றுபோல நடப்பதில்லை. இன்டெல் வகைச் சில்லு நோட்டில் எழுதிய வரிசையிலேயே பலகைக்கு ஏற்றும். மேலே சொன்ன தவறு அந்த ஒழுங்கான வகையிலேயே நேர்ந்தது என்பதை மறக்கவேண்டாம். கைப்பேசிகளில் இருக்கும் ஏ.ஆர்.எம். வகைச் சில்லு அந்த வரிசையைக்கூடக் காப்பதாக வாக்குக் கொடுப்பதில்லை. எடையை எழுதிவிட்டு "எழுதியாயிற்று" என்று கொடி ஏற்றினால், கொடி முதலிலும் எடை பிறகும் பலகைக்கு வரலாம். கொடியைப் பார்த்து ஓடிவந்தவர் பழைய எடையைப் படித்துக்கொண்டு போவார். 1992இல் வந்த ஆல்ஃபா என்ற சில்லு இவை எல்லாவற்றையும்விடத் தளர்ந்த கட்டுப்பாடு உடையது. அதற்கு இடமளிப்பதற்காகவே லினக்ஸ் எழுதியவர்கள் பல ஆண்டுகள் தனியாக ஒரு காவல் வைத்திருந்தார்கள். ஆகவே, "என் கணினியில் நன்றாக ஓடுகிறதே" என்று திருத்தம் எழுதியவர் சொன்னால், சரிபார்ப்பவர் அதை ஏற்றுக்கொள்ளக்கூடாது. ஏற்றுக்கொள்ளாததற்காகச் சிலர் அவரைக் கடிந்துகொள்வார்கள். அதுவும் இந்த வேலையில் உள்ளதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களும் இருக்கிறார்கள். எல்லோருடைய செயல்களும் ஒரே வரிசையில் நடந்தது போலவும், ஒவ்வொருவரும் தம் கட்டளைகளைச் சொன்ன முறைப்படியே செய்தது போலவும் தோன்றவேண்டும் என்ற எளிய எதிர்பார்ப்பை, 1979இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க அறிஞர் முறையாக எழுதினார். வேகத்தை விரும்பிய சில்லுகள் அதற்குக் கட்டுப்படவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்ற சரிதா அட்வே என்ற பெண்மணி, மார்க் ஹில் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1990இல் ஒரு சமரச வழியைக் காட்டினார். இருவர் மோதக்கூடிய இடங்களை நிரல் எழுதுபவர் அடையாளம் செய்து கொடுத்தால், சில்லு அந்த எளிய வரிசையைத் திரும்பக் கொடுக்கும் என்பது அதன் சாரம். ஜாவா, சி++ ஆகிய நிரல் மொழிகளின் விதிகள் பின்னாளில் இந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டப்பட்டன. நம் பெண்பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

லினக்ஸ் கெர்னலுக்கென்றே இத்தகைய விதித்தொகுப்பு 2018இல் அதன் மூலத்துடன் சேர்க்கப்பட்டது. பால் மெக்கென்னி, ஜேட் அல்க்லேவ் முதலிய ஐவர் அதை உருவாக்கினார்கள். ஓட்டுநர், கிராணி கதையைப் போன்ற சின்னஞ்சிறு கதையை அதன் கருவியிடம் கொடுத்தால், இருவரும் ஏமாறக்கூடிய வழி உண்டா இல்லையா என்று எல்லா வழிகளையும் அலசிச் சொல்லிவிடும். 2020இல், காவலில்லாத மோதல்களை ஓடும்போதே கண்காணிக்கும் இன்னொரு கருவியும் சேர்ந்தது. கருவிகள் நல்ல துணை. ஆனால் இலட்சக்கணக்கான வரிகளிலிருந்து அந்தச் சிறு கதையைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது படிப்பவரின் வேலையாகவே இருக்கிறது.

அதே 2018இல், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு வடிவமைத்த சக்தி என்னும் சில்லில் லினக்ஸ் ஓடியது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற பொது இலக்கணத்தைப் பின்பற்றும் சில்லு. அந்த இலக்கணமும் வரிசையைத் தளர்த்தி விடுவதுதான். அதில் நினைவகத் தடைக்கான கட்டளையின் பெயர் "ஃபென்ஸ்". வேலி என்று பொருள். மாடு மேயாமல் வேலி போட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லா இடத்திலும் வேலி போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஒவ்வொரு வேலியும் மூளையை நிறுத்தி வைக்கிறது, வேகம் போய்விடும். அதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. காரணம் தெரியாமல் போட்ட வேலியைப் பிறகு வருபவர் எடுக்கவும் அஞ்சுவார், நம்பவும் அஞ்சுவார். ஆகையால் லினக்ஸில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தடை வைத்தால் அதன் பக்கத்தில் எதற்காக வைத்தாய், ஜோடி எங்கே என்று குறிப்பு எழுதவேண்டும். குறிப்பில்லாத தடையைக் கண்டால், திருத்தங்களைச் சோதிக்கும் சிறு நிரலே முணுமுணுக்கும். நம்மைக் கேட்டால், குறிப்பு எழுத முடியாதவருக்குத் தடை வைக்கும் உரிமை இல்லை என்போம். எழுதத் தொடங்கினால்தான் தமக்கே விளங்கவில்லை என்பது பலருக்குத் தெரியவரும்.

அந்தப் பிள்ளையிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். தோட்டத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வர முடியுமா என்று. லினக்ஸின் மூல வரிகள் எவர் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து கிடக்கின்றன, காசு இல்லை என்றான். வரிகளும் குறிப்புகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் ஓட்டுநரையும் கிராணியையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது எந்த மொழியில் என்று யாரும் கேட்பதில்லை. தான் தமிழில்தான் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். பக்கத்தில் ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி கோடு போட்டு, இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் என்று எழுதி வைத்திருந்தான்.

அந்த 2015ஆம் ஆண்டுத் திருத்தம் எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டோமே. அதில் புதிய தடை எதுவும் சேர்க்கப்படவில்லை. "யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்" என்ற குறுக்குவழியையே அந்தப் பொறியாளர் எடுத்துவிட்டார். யாரும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுப்பும் வழிமுறையை நேரே அழை என்று ஆக்கினார். அந்த வழிமுறை பட்டியலைப் பூட்டிக்கொண்டுதான் பார்க்கும், பூட்டு வரிசையைக் காத்துவிடும். அந்தக் குறுக்குவழிக்கான வரி இன்னும் கெர்னலில் வேறு இடங்களுக்காக இருக்கிறது. அதன் தலைமேல் இப்போது நீண்ட எச்சரிக்கை ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். தவறாகப் பயன்படுத்தினால் எப்போதாவது, காரணம் புலப்படாத வகையில் கெடும் என்று.

அந்தத் தாயாரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி ஓட்டுநர் கதையைச் சொன்னோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வலப்பக்கத்துப் பத்தியில் விரலை வைத்து, "இவன் தூங்கப் போகிறதற்கு முன்னாலே இன்னொரு தடவை பார்த்தால் என்ன?" என்று மகனிடம் கேட்டார். பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு நடுவிலும் ஒரு கண இடைவெளி இருப்பதை அவருக்கு விளக்கத் தொடங்கினான். நாம் விடைபெற்றுக்கொண்டோம்.